ஐரோப்பாவின் கோடையில் எந்த வாரம் நமக்கு உகந்தது?

கேள்வி: நானும் கணவரும் ஹட்டனில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள். பல வருடச் சேமிப்பைக் கொண்டு, பதினொரு வயது மகளையும் எழுபதைக் கடந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தையும் பாரிஸையும் பத்து நாட்களில் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். ஓகஸ்டில் எல்லாமே விலை கூடியிருக்கும் என்றும், ஜூனில் அல்லது செப்டெம்பரில் போகவேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கோ ஓகஸ்ட் தவணை விடுமுறைதான் வசதி. எப்போது போவது நல்லது?

பதில்: ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகையையும், அதே அறைக்கு மே மாதக் கடைசியில் கேட்கும் வாடகையையும் நீங்கள் அறிவீர்கள். அறை அதேதான், புத்தாண்டும் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வந்ததால் விலை ஏறியது. ஐரோப்பாவிலும் கோடை விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அங்குள்ள பிள்ளைகளின் விடுமுறையே. பிரான்சில் ஜூலைத் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை பாடசாலைகள் மூடியிருக்கும். சுவிட்சர்லாந்தில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஜெர்மன் மொழி பேசும் பல மாநிலங்களில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன.

நாட்களைத் தாமே தெரிவுசெய்யக் கூடியவர்களுக்கு ஜூன் மாதத்தின் நடுவாரங்களையே நான் பரிந்துரைப்பேன். பிரான்சில் பாடசாலை விடுமுறை தொடங்கியிராது. பாரிஸில் இரவு பத்து மணியை அண்மித்தே சூரியன் மறையும் என்பதால், வருடம் முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரப் பகலுக்குப் பழகிய நமக்கு ஒரே நாளில் ஒன்றரை நாள் கிடைத்தது போலிருக்கும். ஆனால் நீங்கள் ஆசிரியர்கள். தவணையின் நடுவே வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி பெறுவது எளிதல்ல. மகளின் படிப்பும் தடைப்படும். ஆகவே ஓகஸ்டை ஒரு குறையாகக் கருதாமல், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்பதே உங்களுக்குப் பயன் தரும். விடுமுறைத் திகதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், கல்வி அமைச்சின் நாட்காட்டியைப் பார்த்த பின்னரே எதற்கும் பணம் கட்டுங்கள்.

ஓகஸ்டில் எல்லாமே விலை கூடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடற்கரை ஊர்களுக்கு அது பொருந்தும், பாரிஸுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஓகஸ்டில் பாரிஸ் மக்களே பெருந்தொகையாக ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். அலுவலகப் பயணங்களும் வர்த்தகக் கண்காட்சிகளும் குறைந்துவிடுவதால் ஹோட்டல் அறைகளின் விலை பல வேளைகளில் ஜூனையும் செப்டெம்பரையும் விடக் குறைவாகவே இருக்கும். சிறிய கடைகளும் உணவகங்களும் சில வாரங்கள் பூட்டியிருக்கலாம், ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் இடங்கள் திறந்தேயிருக்கும். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இதனால் முதலில் பாரிஸில் நான்கு நாட்கள், பிறகு சுவிட்சர்லாந்தில் ஆறு நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை அனுமதித்தால் சுவிட்சர்லாந்து நாட்கள் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு வருமாறு பாருங்கள். அங்குள்ள பிள்ளைகள் பலர் வகுப்புக்குத் திரும்பியிருப்பார்கள். பாரிஸில் இறங்கி சூரிச்சிலிருந்து திரும்பும் டிக்கெட்டின் விலையையும் விசாரியுங்கள், பாரிஸுக்குத் திரும்பி வரும் ரயில் செலவும் ஒரு நாளும் மிஞ்சும். சுவிட்சர்லாந்தில் குறித்த நாட்களுக்கு ரயிலில் விரும்பியபடி போக உதவும் டிராவல் பாஸைப் பெற்றோர் வாங்கினால், பதினாறு வயது நிறையாத பிள்ளை குடும்ப அட்டையின் கீழ் இலவசமாகவே ரயிலில் போகலாம். பாஸ் வாங்கும்போதே அந்த அட்டையைக் கேட்டு வாங்கவேண்டும்.

மாமியாரைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. குளிர்ந்த ஊரிலிருந்து போகிறவர்கள் ஐரோப்பிய வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பாரிஸில் 2019 ஜூலை 25ஆம் திகதி 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. 2003 ஓகஸ்டின் வெப்ப அலையில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஒவ்வொரு வருடமும் இப்படி நேர்வதில்லை. ஆனாலும் பழைய கட்டடங்களில் இயங்கும் மலிவான ஹோட்டல்களில் பல இடங்களில் ஏசி இருப்பதில்லை. பாரிஸில் ஏசி உள்ள அறைக்குக் கூடுதலாகச் செலுத்தும் பணம் வீண்செலவாகாது. மற்றொன்று, சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பயணிகள் பலர் போகும் யுங்ஃப்ராவ்யோக் என்ற மலை ரயில் நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையை விட அது 900 மீற்றருக்கு மேல் உயரம். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், அந்த டிக்கெட்டை வாங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

வீசாவையும் முன்கூட்டியே கவனிக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே, பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாட்களுக்கு முன். வழமையாக 15 நாட்களில் முடிவு வரும், சில விண்ணப்பங்கள் 45 நாட்கள்வரை நீளும். கோடைக்கு முன்னைய மாதங்களில் விண்ணப்பத்தைக் கொடுக்க நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம் என்பதால் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கப் பாருங்கள். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் திட்டப்படி அது சுவிட்சர்லாந்து. 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. மகளின் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பித்தால் நால்வருக்கும் 315 யூரோ, பன்னிரண்டு நிறைந்துவிட்டால் 360 யூரோ. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் சேவை நிலையத்தின் கட்டணம் இதில் சேராது. வீசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. ஆகவே வீசா கையில் கிடைக்கும்வரை, இரத்துச்செய்ய முடியாத டிக்கெட்டுக்கு முழுப்பணம் கட்டாதீர்கள். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

விமானக் கட்டணத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கும் கண்டிப் பெரஹராவுக்கும் உறவினரைப் பார்க்கவும் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் பாடசாலை திறப்பதற்கு முன் ஓகஸ்ட் கடைசியில் திரும்பிப் போகிறார்கள். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஐரோப்பா செல்லும் விமானங்களில் இடம் கிடைப்பது அரிது. நீங்கள் ஓகஸ்டின் முற்பகுதியில் புறப்பட்டு அவர்கள் போகும் நேரத்தில் திரும்பினால் எதிர்த்திசையில் பயணம் செய்கிறீர்கள். அது தென்மேற்குப் பருவமழைக் காலம் என்பதையும் மறக்கவேண்டாம். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, எனவே முதல் நாளே கட்டுநாயக்கப் பக்கம் போய்த் தங்குங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஐரோப்பியச் சுற்றுலா ஒன்றுக்கு இந்த வாரமே முற்பணம் கட்டாவிட்டால் சீசன் விலை ஏறிவிடும் என்று முகவர் ஒருவர் அவசரப்படுத்துகிறார். கட்டலாமா?

பதில்: சீசன் நெருங்க விலை ஏறுவது உண்மைதான், ஆனால் ஒரு வார அவசரத்துக்காக எழுத்தில் எதுவும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். புறப்படும் திகதி, ஹோட்டலின் பெயர், விலையில் எவையெல்லாம் அடங்கும், வீசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கடைசி விடயத்தை எழுதித்தர மறுக்கும் முகவரிடம் முற்பணம் கட்டவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த நிறுவனம் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்றதா என்றும் பாருங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், சொன்னபடி நடக்காதபோது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடும்போது கைகொடுக்கும்.

கேள்வி: ஜூலையில் துபாய்ச் சுற்றுலா மிக மலிவாக விளம்பரமாகிறது. நுவரெலியாவிலிருந்து பெற்றோருடன் போகலாமா?

பதில்: அங்கே ஜூலையில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும், விலை இறங்குவதற்குக் காரணம் அதுதான். கடைத்தொகுதிகளுக்குள் பொழுதைக் கழிக்கும் இளைஞர்களுக்கு அது இலாபமாக இருக்கலாம். பெற்றோருடன் ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்றால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். அதிலும் கிறிஸ்மஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிர்த்தால் கட்டணமும் ஓரளவு குறையும்.