புது வீணையா, பழைய வீணையா?

கேள்வி: மகளுக்கு 12 வயது, இரண்டு வருடமாக வீணை படிக்கிறாள். புது மாணவர் வீணை 2,800 வெள்ளி. அதே விலைக்கு, கச்சேரி செய்தவர் வைத்திருந்த பழைய ஏகாண்ட வீணை ஒன்று வருகிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: என்னைக் கேட்டால் பழையதுதான், ஆனால் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஏகாண்ட வீணை என்பது ஒரே பலாமரத்தில் குடைந்தது, குடமும் (பானை போன்ற பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) தனியாகச் செய்து ஒட்டியதல்ல. காய்ந்த பழைய மரத்தின் நாதமே தனி.

சிக்கல் மெழுகில்தான். தந்தியை அழுத்தி ஸ்வரம் எடுக்கும் 24 உலோக மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, வருடக்கணக்கில் மூலையில் கிடந்த வீணையில் அது வெடித்துப் போயிருக்கும், நம் ஊர்ப் புழுக்கமும் சும்மா விடாது. சாரணித் தந்தியை (வாசிக்கும் முக்கியத் தந்தி) அழுத்தாமல் மீட்டிவிட்டு 12ஆவது மெட்டில் வாசிக்கச் சொல்லுங்கள். மேல் சட்ஜம் (மேல் 'ஸ') சுத்தமாக வரவில்லை என்றால் மேளம் கட்ட வேண்டும், அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதி சேர்த்துப் பதிக்க வேண்டும், சில சமயம் எல்லா மெட்டையும் எடுத்து. அதை யார் செய்வார், எவ்வளவு ஆகும் என்று ஆசிரியையிடம் முதலிலேயே கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

குதிரையில் (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) தந்தி அறுத்த பள்ளம் இருந்தால் பரவாயில்லை, தேய்த்துச் சரிசெய்யலாம். குடத்தில் விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம், மகளை மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய வீணை என்றால் 12 வயதுக் கைக்கு முதல் மெட்டு எட்டாது.