கவுன்சலிங் போனால் கல்யாணம் தடைபடுமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது, காட்பாடியில் படிக்கிறாள். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கவுன்சலரிடம் காட்டச் சொல்கிறார்கள். வெளியே தெரிந்தால் வரன் அமையுமா? மாத்திரைக்குப் பழக்கிவிடுவார்களா? இப்போதைக்கு மெடிக்கலில் கேட்டு அல்பிரசோலம் (பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை) பாதி கொடுக்கிறேன். போன வாரம் கொலுசைக் கழற்றிச் சித்தி மகளிடம் கொடுத்துவிட்டு, 'இனிமே எனக்கு எதுக்கு' என்றாள்.
— வாசகி, குடியாத்தம்

பதில்: கடைசியாக எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்தக் கொலுசு, எனக்கு அதுதான் கவலை. வரன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிடித்த பொருளை எடுத்துக் கொடுப்பது, 'இனி எதுக்கு' என்பது, சோர்ந்து கிடந்தவள் திடீரென்று அமைதியாகிவிடுவது, இதெல்லாம் சாகும் எண்ணம் இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப் போகலாம்னு தோணுதா கண்ணு?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஆள் கிடைத்தால் பாரம்தான் குறையும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழவும் வேண்டாம், முழுக்கக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள்.

கவுன்சலர் தேதி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. ராத்திரியில் நிலைமை மோசமானால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; இலவசம், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

மற்றதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவுன்சலர் மருந்தே எழுத மாட்டார், பேசுவதுதான் அவர் வேலை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்வார்கள், அது நல்லதுதானே! மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதும் மாத்திரை வேலைசெய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், போதைப் பழக்கம் ஆகாது. பழக்கமாவது நீங்கள் கொடுக்கிறீர்களே, அந்த அல்பிரசோலம்தான்! சீட்டு இல்லாமல் அதை விற்றதே தப்பு. கவுன்சலிங்குக்குப் பயப்படுகிற வீட்டில் இதற்கு மட்டும் எப்படித் துணிச்சல் வந்ததோ.

அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். உடனே நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.