ரிசல்ட் தவிர பள்ளியிடம் வேறென்ன கேட்பது?

சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெற்றோரின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் "தொலைநோக்குத் திட்டம்" போடச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது நூறு சதவீதத் தேர்ச்சிதான்.

பெரிய வார்த்தையை விடுங்கம்மா. பதினைந்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். யாரும் '480 மார்க்' என்று எழுத மாட்டீர்கள். பேங்கில் தயங்காமல் பேச வேண்டும், குடிக்கக் கூடாது, கட்டினவளை மதிக்க வேண்டும் என்றுதான் வரும். அதற்கு இந்த வருடம் பள்ளியில் என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடும் பொறுப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்கள் குழுவுக்குத்தான் தருகிறது. குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். திட்டத்தைக் காம்பவுண்டுச் சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். (கழிப்பறை முதலில் வேண்டும், அதில் பேச்சே இல்லை.)

திருவொற்றியூர் வாசகர்: இதெல்லாம் மாநகராட்சிப் பள்ளியில் நடக்கிற காரியமா?

ஏற்கெனவே நடந்த காரியம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சாப்பாடு போட்டது இதே மாநகராட்சிதான். 2003இல் இங்கே 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு இடம். ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அதற்கான அட்டையை எடுத்துவரும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பெண் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவாள், யாரும் அவளை மக்கு என்று சொல்ல வழியில்லை. பிறகு அது மாநிலம் முழுக்கப் போனது. பல இடங்களுக்கு அட்டை மட்டும் போனது, அதன் உயிர் போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

பெரம்பூர் அப்பா: பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாரே?

டைம்டேபிளைப் பார்க்காதீர்கள். போன வாரம் எத்தனை முறை கிரவுண்டுக்குப் போனீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு, அந்தக் கணக்கோடு ஹெச்.எம்.மிடம் போங்கள்.

சைதாப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர்: மார்க் இல்லாமல் எந்த காலேஜில் சீட் தருவான்?

தர மாட்டான் தம்பி. மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எட்டாவது வந்தும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையை நாடகத்தில் நடிக்கவைத்து, 'முழு வளர்ச்சி' என்று போட்டோ எடுப்பது ஏமாற்று வேலை. ஆனால் அடிக்குப் பயந்து படிக்கிறவன் வாசிக்கவும் மாட்டான். பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் படிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது.

தண்டையார்பேட்டை ஆசிரியை: அதிகாரி மாறினால் திட்டமும் மாறுகிறதே, மேடம்?

மாறத்தான் செய்யும். ஆனால் பெற்றோர் மூன்று நாலு வருடமாவது அங்கேயே இருப்பார்கள், அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்படி வளர வேண்டும் என்று குழுவின் தீர்மான நோட்டில் மூன்றே வரி எழுதுங்கள், நாலாவது வரியை எந்தப் புது ஹெச்.எம்.மும் படிக்க மாட்டார். அப்புறம் ஒவ்வொரு ஜூனிலும், கட்டட நிதியைப் பேசுவதற்கு முன்னால், அந்த மூன்று வரியை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.