"உங்களைப் போன்ற மனிதன்தான்" என்பது நபியின் அந்தஸ்தைக் குறைக்கிறதா?

கேள்வி: "நான் உங்களைப் போன்ற மனிதன்தான்" என்று கூறுமாறு நபி (ஸல்) அவர்களுக்குக் குர்ஆன் கட்டளையிடுகிறது (18:110). இதைக் காட்டி, "அவரும் நம்மில் ஒருவர்தானே, இவ்வளவு கண்ணியப்படுத்த வேண்டுமா?" என்கிறார் என் நண்பர். வீட்டுப் பெரியவர்களோ, நபியை மனிதர் என்பதே மரியாதைக் குறைவு என்கிறார்கள். எது சரி?

பதில்: நண்பர், பெரியவர்கள் இரு தரப்பாரும் அந்த வசனத்தைத் தொடர்ந்து ஓத வேண்டும். "உங்கள் இறைவன் ஒரே இறைவன்தான் என எனக்கு வஹீ (இறைச்செய்தி) அறிவிக்கப்படுகிறது" என்று அது மேலே செல்கிறது. பசியும் காய்ச்சலும் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கமும் நம்மைப் போலவே நபியவர்களுக்கும் இருந்தன. வஹீ நமக்கு இல்லை.

"நீங்கள் எங்களைப் போன்ற மனிதர்கள்தாமே" என்று தூதர்களைப் பார்த்துச் சொன்னவர்கள், குர்ஆனின்படி, அவர்களை மறுத்த சமுதாயத்தாரே. உணவு உண்கிறார், கடைவீதியில் நடமாடுகிறார், இவர் என்ன தூதர் என்று மக்காவாசிகளும் கேட்டார்கள் (25:7). தூதர்கள் அதை மறுக்கவில்லை. "நாங்கள் உங்களைப் போன்ற மனிதர்கள்தாம், ஆனால் அல்லாஹ் தன் அடியார்களில் தான் நாடியவர்மீது அருள் புரிகிறான்" என்றார்கள் (14:11). மறுத்தவர்கள் ஏளனமாகச் சொன்னதையே தூதர்கள் பணிவோடு சொன்னார்கள். தாம் அதை எந்த மனநிலையில் சொல்கிறோம் என்பதை நண்பர் எண்ணிப் பார்க்கட்டும்.

நபிமொழித் தொகுப்பான புகாரியில் இடம்பெறும் ஒரு ஹதீஸைப் (நபியைப் பற்றிய அறிவிப்பை) படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழும். நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட தொழுகை ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் இரண்டாவது ரக்அத்திலேயே சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு, பள்ளிவாசலில் கிடந்த ஒரு மரக்கட்டையில் கை ஊன்றி, கோபத்தில் இருப்பவர்போல் நின்றார்கள். தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது என்று பேசியபடி அவசரக்காரர்கள் வெளியேறினார்கள். நெருங்கிய தோழர்களான அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் பேச அஞ்சி நின்றார்கள். துல்யதைன் எனப்பட்ட ஒரு தோழர்தான், "அல்லாஹ்வின் தூதரே, மறந்துவிட்டீர்களா, தொழுகை குறைக்கப்பட்டதா?" என்று கேட்டார். மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட நபியவர்கள், விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் (நெற்றியைத் தரையில் வைத்துப் பணிதல்) செய்தார்கள்.

மறதி ஏற்பட்டது உண்மை; அதைக் கண்ணெதிரே கண்ட பிறகும் மிக நெருங்கிய தோழர்களின் உள்ளத்தில் இருந்த கண்ணியம் சிறிதும் குறையவில்லை என்பதும் உண்மை. நாம் தொழுகையில் மறந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த மறதியே சட்டமாக அமைந்தது. வஹீயை எடுத்துரைப்பதில் இத்தகைய மறதிக்கு இடமில்லை. "நாம் உமக்கு ஓதக் கற்றுத் தருவோம், நீர் மறக்கமாட்டீர்" என்று அல்லாஹ்வே வாக்களிக்கிறான் (87:6).

பெரியவர்களின் அச்சம் அன்பிலிருந்து வருவது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் அன்புக்கும் நபியவர்களே எல்லை வகுத்தார்கள். மர்யமின் மகனான ஈஸாவை (இயேசுவை) கிறிஸ்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்ததுபோல் தம்மைப் புகழ வேண்டாம் என்றும், 'அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர்' என்றே தம்மைக் கூறுமாறும் சொன்னார்கள். தம் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட, அந்த மரணத்துக்காகவே அது நிகழ்ந்தது என்று மக்கள் பேசியபோது, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று துயரத்தின் நடுவிலும் திருத்தினார்கள்.

'அடியார்' என்ற சொல் தாழ்வானதாகப் பெரியவர்களுக்குத் தோன்றினால், குர்ஆனின் இஸ்ரா அத்தியாயத்தின் முதல் வசனத்தை (17:1) அவர்களுக்கு ஓதிக் காட்டுங்கள். மக்காவிலிருந்து ஜெருசலேம்வரை நபியவர்களை அல்லாஹ் ஓர் இரவில் அழைத்துச் சென்ற, வேறெவருக்கும் கிடைக்காத அந்தப் பயணத்தைச் சொல்லும் இடத்தில் அல்லாஹ் தன் தூதரைக் குறிப்பிடும் சொல், 'தன் அடியார்' என்பதே.