ஹுவாங்பு பூங்காவின் பலகை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஷாங்காய் சென்றிருந்தேன். பண்ட் எனப்படும் நதிக்கரைச் சாலையில் ஹுவாங்பு பூங்காவைக் காட்டி, "நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்று வெள்ளைக்காரர்கள் பலகை வைத்திருந்த இடம்" என்றார் வழிகாட்டி. உடன் வந்த நண்பரோ அது வெறும் கட்டுக்கதை என்கிறார். எது உண்மை? பழைய பூங்காவின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த வாசகத்தை அப்படியே தாங்கிய பலகைக்கு உறுதியான சான்று இல்லை. ராபர்ட் பிக்கர்ஸ், ஜெஃப்ரி வாஸர்ஸ்ட்ராம் என்ற இரு வரலாற்றாய்வாளர்கள் 1995இல் இதைத் துருவி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு உங்கள் நண்பர் எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

பூங்காவின் 1917ஆம் ஆண்டு விதிகள் நமக்குக் கிடைக்கின்றன. முதல் விதியே, இந்தத் தோட்டம் வெளிநாட்டுச் சமூகத்தினருக்கு மட்டும் உரியது என்கிறது. நாய்களுக்கும் சைக்கிள்களுக்கும் அனுமதியில்லை என்பது அதற்குச் சில வரிகள் தள்ளி வருகிறது. இரண்டையும் மக்களின் கோபம் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. என்னை உலுக்கியது வேறொரு விதி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள், பேண்டு வாத்தியம் நடக்கும் நேரத்தில் நாற்காலிகளில் உட்காரக் கூடாது. வெள்ளைக்காரக் குழந்தையோடு உள்ளே வரலாம், உட்கார மட்டும் கூடாது! இதைப் படித்த பிறகு அந்தப் பலகை இருந்ததா இல்லையா என்ற சண்டையே எனக்குச் சின்னதாகிவிட்டது.

பிரிட்டிஷ் தூதரகத்துக்கு எதிரே நதியில் சேர்ந்த வண்டல் திட்டை மேடாக்கி 1868இல் திறந்த பூங்கா இது. பூங்கா இருந்தது வெளிநாட்டினர் நிர்வகித்த குடியிருப்புப் பகுதியில்; ஆனால் அங்கே பெரும்பான்மையினர் சீனர்கள். வரியும் கட்டினார்கள். 1885இல் சீனப் பிரமுகர்கள் தங்களையும் உள்ளே விடும்படி அந்தக் குடியிருப்பின் நகராட்சிக்கு மனு எழுதிக் கேட்டார்கள். கிடைத்தது 1890இல் சூச்சோ ஓடைக் கரையில் சீனர்களுக்கென்று தனியாக ஒரு சிறு தோட்டம். பெரிய பூங்காவின் கதவு திறக்க 1928 ஜூன் வரை ஆனது. அதுவும் தானாகத் திறக்கவில்லை. 1925 மே 30 அன்று சீன ஆர்ப்பாட்டக்காரர்கள்மீது குடியிருப்புப் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் எழுந்த போராட்டங்களும், 1927இல் சீனத் தேசியவாதக் கட்சியின் படைகள் ஷாங்காய்க்குள் வந்ததும்தான் நகராட்சியை இறங்கிவர வைத்தன.

சுவடு தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாது. நதிமுனையில் நிற்கும் மூன்று தூண் நினைவுச்சின்னம் 1990களில் வந்தது. பூங்காவே மாற்றி மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டியிருக்கும் வைபைது இரும்புப் பாலத்தின் கதை வேறு. 1907இல் கட்டியதை 2008இல் கழற்றிப் படகில் ஏற்றிக் கப்பல் கட்டும் தளத்துக்குக் கொண்டுபோய், பழுதான ரிவிட் ஆணிகளை மாற்றி, மறு ஆண்டு அதே இடத்தில் பொருத்தினார்கள். பூங்காவுக்கும் அந்த அக்கறை கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். பேண்டு மேடையும் அதைச் சுற்றிய நாற்காலிகளும் இருந்தால், அங்கே யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பதை வழிகாட்டி சொல்லாமலே வருகிறவர் புரிந்துகொள்வார்.