புது டயர் போட்டதும் கார் இழுக்கிறதா? ஸ்ட்ரட்டை வளைக்க விடாதீர்கள்

கேள்வி: நான்கு டயரும் புதிதாகப் போட்டதிலிருந்து கார் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்தும் தீரவில்லை. 'கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) அவுட், ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டை (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) வளைத்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டயர் மாற்றியபின் வந்த தொல்லை என்றால் முதல் சந்தேகம் டயர்மேல்தான். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் வலமாக மாற்றி, அதே சாலையில் ஓட்டுங்கள். இழுவை வலப்பக்கம் போய்விட்டால் குறை டயரின் தயாரிப்பில்; விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள்.

பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது. அம்பு பின்னோக்கித் திரும்பிவிடும். மழையில் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாது. அந்த டயர்களை அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னுமாக மாற்றுங்கள். முன் பின் அளவு வேறென்றால் அதுவும் முடியாது. மாற்றியதும் இழுவை மறைந்தால் குற்றவாளி டயர்தான்.

மறையவில்லையா? பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களுக்கு அருகே கை வையுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது.

முன்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் டை ராடைத் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருகி மாற்ற முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே. டோ தவறினால் டயர் ரம்பப்பல்போலத் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டி இழுப்பது அபூர்வம். இரண்டு முறை செய்தும் தீராததில் வியப்பில்லை. ஆனாலும் என்ன கோளாறென்று கேட்காமலே வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதுதான் வழக்கமாகிவிட்டது!

இடம் வலம் கேம்பர் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் இழுக்கலாம். அதற்கும் காரணம் இருக்கும்: வளைந்த லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை), தேய்ந்த புஷ் (இணைப்பிலுள்ள ரப்பர்), பள்ளத்தில் அடிவாங்கிய ஸ்ட்ரட். பழுதான பாகத்தை மாற்ற வேண்டும். நல்ல ஸ்ட்ரட்டை வளைத்தால் அதனுள் ஏறி இறங்கும் ராடு நேராக ஓடாது, சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். பழுது அப்படியே இருக்கும், மெஷின் ரிப்போர்ட் மட்டும் 'எல்லாம் சரி' என்று பச்சையாகும்.

அந்தப் பச்சையையும் நம்பாதீர்கள். வேறு மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் மெஷின் பச்சை காட்டக்கூடும். உங்கள் மாடலின் பெயரோடு, செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கேளுங்கள். ஏற்றுவதற்கு முன் டை ராட் எண்டு (டை ராடின் முனை), பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு) ஆகியவற்றில் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டமிருந்தால் எந்த அளவும் நிற்காது.

லோயர் ஆர்ம் மாற்றினால் டோவை மறுபடி அமைக்க வேண்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால், ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்ய வேண்டுமா என்றும் கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள்.