40 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

சார், போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் வந்து, "பி.எஸ்சி. பிசிக்ஸ் முடியப்போவுது, இவளை என்ன பண்றதுன்னே தெரியல" என்றீர்கள். கவலைப்படாதீர்கள் என்றேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் பெண்ணைப் பற்றி இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கப்போகிற 40 லட்சத்தைப் பற்றி.

அமெரிக்காவில் டேட்டா சயின்ஸ் படிக்கட்டும் என்பது அவள் தாய்மாமா யோசனை. வட்டி கட்டப்போவது அவரா? உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் அந்தப் படிப்பின் பெயரைத் தன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஜியான்ட்4 என்றொரு இலவச மென்பொருள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் போன்றவை சேர்ந்து உருவாக்கியது, 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. துகள்கள் ஒரு கருவிக்குள் எப்படிப் பாயும் என்று கணக்கிடும். அதில் 5 செ.மீ. படிகம் வைத்து, காமா கதிர்களை எண்ணும் கருவி (காமா டிடெக்டர்) ஒன்றைத் திரையிலேயே கட்டியிருக்கிறாள். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, ஆனால் படிகத்தில் பதிவாகும் எண்ணிக்கை மட்டும் தாறுமாறாக ஏறி வந்திருக்கிறது. இரண்டு வாரம் எண்களையே முறைத்துவிட்டு, கடைசியில் ஐம்பது துகள்களின் பாதையை மட்டும் திரையில் வரையச் சொல்லியிருக்கிறாள். காமா பச்சைக் கோடு, எலக்ட்ரான் சிவப்பு. வெறும் காற்று என்று அவள் நினைத்திருந்த இடத்தில் பச்சைக் கோடுகள் முறிந்து, பொடிப்பொடியாகச் சிவப்பு. பெட்டி வடிவப் பொருளுக்கு அந்த மென்பொருள் கேட்பது பாதி நீளம், இவள் கொடுத்தது முழு நீளம். 5 செ.மீ. படிகம் எல்லாப் பக்கமும் 10 செ.மீ. ஆகி, கனஅளவு எட்டு மடங்காகிவிட்டது! இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஐ.டி., பி.எட்., வங்கித் தேர்வெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் உங்களுக்குச் சொல்லாதது மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரத்தின் கதிர்க் கற்றையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அளப்பது, திட்டமிட்ட கதிர்வீச்சு அளவு (டோஸ்) புற்றுக் கட்டியில்தான் விழுகிறதா, பக்கத்து உறுப்பில் எவ்வளவு சிந்துகிறது என்று கணக்குப் பார்ப்பது, இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் தப்பு எங்கே என்று தேடுவது. லேப்டாப்பில் அவள் செய்ததும் இதே தேடல்தானே. மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விடாது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. இல்லையென்றால் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு டிப்ளமோ. எந்த வழியில் போனாலும் அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி உண்டு. தனியார் கல்லூரி என்றால், வாரியம் ஏற்ற படிப்புதானா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆரம்பச் சம்பளம் அமெரிக்கக் கணக்கில் இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும் உங்கள் கடனின் ஒரு வருட வட்டிக்குள் அடங்கிவிடும்.

வங்கிக்குப் போவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அடுத்த சனிக்கிழமை மார்க் ஷீட்டோடு அவளை மட்டும் அனுப்புங்கள். மாமாவை போனில் பிடித்துத் தர வேண்டாம்.